கடவுள் எங்கும் இருக்கிறாராம்

அந்த வருஷம் இரண்டு பேர் என்னிடம் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். ஒருத்தி பிரெஞ்சில் சொன்னாள், மற்றவர் தமிழில் சொன்னார். அவள் மொன்ட்ரியாலில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளர். அவர் என் கூடப்பிறந்த அண்ணன். "கடவுள் எல்லா இடத்திலும் இருக்கிறார்" என்பதுதான் அந்த வசனம். அதில் பிழை ஒன்றும் இல்லை, சின்ன வயதில் நானும் பாடமாக்கியதுதான். ஆனால் இப்போது யாராவது அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு இடத்தைப் பறித்தவர்களும் ஒரு இடத்தைக் கைகழுவியவர்களும்தான் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு இடம் வைத்திருப்பவர் சொல்லிக் கேட்டதில்லை.

அண்ணன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புப் பக்கம், வாவிக்கரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் இருக்கிறது. போர்க்காலத்தில் இராணுவ முகாமின் வேலி அதைச் சுற்றி வந்தது. போர் முடிந்தது, வேலி போகவில்லை. ஊர்ச்சனம் வேலிக்கு வெளியே நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகும். அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. தார் வீதிக்குப் பக்கத்தில், புதிதாக வீட்டுத்திட்டம் போட்டிருக்கும் இடத்தில், கோயிலுக்குக் காணி தருவார்கள். பழைய இடத்தை இனிக் கேட்பதில்லை என்று ஊரார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என்னைப்போல மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்ட அண்ணன்தான் அந்தக் கோயிலின் வண்ணக்கர். கோயிலை நிர்வகிக்கும் உரிமை உள்ளவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த உரிமை தாய்வழிக் குடியோடு போவது. அண்ணனுக்குப் பிறகு அது அவருடைய பிள்ளைகளுக்கு வராது, தங்கையின் மகனுக்கு, அதாவது என் மகனுக்குத்தான் வரும். ஆகவே என்னுடைய சம்மதம் இல்லாமல் அண்ணனால் கையெழுத்து வைக்க முடியாது. மொன்ட்ரியால்-நோரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கிழவர்களின் படுக்கை மாற்றும் என்னிடம் ஒரு அம்மனின் இருப்பிடம் வந்து நின்றது. அண்ணன் போன் எடுக்கும்போதெல்லாம் "யோசிச்சுச் சொல்றன்" என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் இல்லத்தில் ஒரு யூதக் கிழவரை என் பொறுப்பில் விட்டார்கள். மொரோக்கோவில் பிறந்தவர். இந்த ஊரில் சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுதான் அவருடைய வாய்ப்பேச்சு. என்னுடைய ஓட்டைப் பிரெஞ்சைக் கேட்டு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதற்கு ஈடாக மற்ற எல்லாவற்றுக்கும் சுளிப்பார். சூப் தண்ணீர், தலையணை கல்லு, பக்கத்து அறைக்காரரின் தொலைக்காட்சி சனியன். நெஞ்சு வருத்தத்துக்கு மூக்கில் ஒக்சிசன் குழாய் போட்டிருந்தார்கள். எழும்பி நிற்க ஏலாது. ஆனால் காலையும் பின்னேரமும் இருண்ட பிறகும், கறுப்புக் கோடு போட்ட வெள்ளைச் சால்வையையோ புத்தகத்தையோ கேட்டு வாங்கி, வாய்க்குள் ஓதிக்கொள்வார்.

முதல் கிழமையே என்னிடம் கேட்டார்: "இந்தக் கட்டிலைத் திருப்ப முடியுமா?"

வெளிச்சம் கண்ணில் படுகிறதாக்கும் என்று நான் திரைச்சீலையை இழுத்தேன். அதற்கல்ல என்றார். கட்டிலின் தலைமாடு கிழக்குச் சுவரோடு இருந்தது. சாய்ந்து படுத்திருக்கும்போது அவருடைய கண் மேற்கே, வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தது. "நான் ஜெருசலேமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரார்த்தனை செய்கிறேன். யாரோடும் முதுகைக் காட்டிக்கொண்டா பேசுவீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு அது விளங்கியது. சன்னதியை விட்டு வரும்போது முதுகைத் திருப்பாமல் பின்னுக்கு நடந்து வருகிற ஆட்கள் நாங்கள். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். ஒக்சிசன் வருகிற துவாரமும் அழைப்பு மணியின் வயரும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன, கட்டிலைத் திருப்பினால் குழாய் நடைபாதையில் கிடக்கும், யாராவது தடக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்றாள். அது நியாயம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டு அந்த வசனத்தையும் சேர்த்துச் சொன்னாள். கழுத்தில் குட்டிச் சிலுவை போட்டிருந்தாள்.

நான் போய் அதைக் கிழவரிடம் சொன்னேன். "எங்கும் இருக்கிறார், தெரியும்," என்றார். "என் மனைவியும் வீடு முழுக்க இருந்தாள். ஆனால் அவளோடு பேசவேண்டுமென்றால் அவள் இருந்த அறைக்குத்தான் போனேன்."

படுக்கைத் துணி மாற்றும்போது ஒவ்வொன்றாகச் சொல்வார். அங்கே அவர்களுடைய கோயில் இடிந்து இரண்டாயிரம் வருஷமாகிறது. இப்போது மிஞ்சியிருப்பது கோயிலின் சுவர்கூட இல்லை, கோயில் நின்ற மேட்டைத் தாங்கிய சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பவன் சுவரைப் பார்த்துக் கும்பிடுகிறான், அந்த ஊரில் வேறு தெருவில் நிற்பவன் சுவர் இருக்கும் பக்கம் திரும்புகிறான், வேறு நாட்டில் இருப்பவன் அந்த ஊரின் பக்கம் திரும்புகிறான். எல்லோருடைய பிரார்த்தனையும் முதலில் அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் மேலே போகிறதென்பது அவர்களுடைய நம்பிக்கை. சாப்பிட்டு எழும்பும்போதும் அந்த ஊரைத் திரும்பக் கட்டித் தா என்று கேட்கிறார்கள். கலியாண வீட்டில், மாப்பிள்ளை மிதித்து ஒரு கண்ணாடிக் குவளையை உடைக்கிறான். சந்தோஷம் தலைக்கேறிய நேரத்திலும் இடிந்ததை மறக்கக் கூடாதாம்.

கேட்டுக்கொண்டே நான் எங்கள் கோயிலை நினைத்தேன். எங்களுடையது இடியக்கூட இல்லை. கூரையோடு, கோபுரத்தோடு, வேலிக்குள் சும்மா நிற்கிறது. ஒரு தலைமுறை போகவில்லை, அதற்குள் வேறு காணிக்கு அளவு எடுக்கிறோம்.

"திசை தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனத்தைத் திருப்பினால் போதும் என்று சட்டம் இருக்கிறது. கண் தெரியாதவனுக்கும் வழி தப்பியவனுக்கும்." பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இது திரும்பக்கூடிய வரைக்கும் மனத்தை மட்டும் திருப்புவது சோம்பேறித்தனம்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த நகரத்தில் எது கிழக்கு என்பதே பெரிய கூத்து. தெருப்பலகையில் கிழக்கு என்று போட்டிருக்கும் பக்கம் போனால் முக்கால்வாசி வடக்கே போய்விடுவோம். ஆற்றைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்த ஊர் இது. வந்த புதிதில் நானும் தெருப்பலகையை நம்பிச் சாமிப்படத்தை மாட்டி, காலையில் சூரியன் வேறு ஜன்னலால் வந்ததைக் கண்டு திகைத்திருக்கிறேன். அவர் முதலில் போய்வந்த தொழுகைக்கூடமும் தெருப்பலகையை நம்பிக் கட்டியதுதானாம். "எவ்வளவோ காலம் வடக்கே பனிக்காடாகக் கிடக்கும் லாப்ரடோரைப் பார்த்து அழுதிருக்கிறோம். பரவாயில்லை. திரும்பி நின்றோம் அல்லவா?"

இதை எழுதும்போது எல்லாம் இனிப்பாகப் போனதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "அந்த மேட்டின் மேலே இப்போது முஸ்லிம்கள் தொழுகிறார்கள். அவர்களுக்கும் அது அப்படியான இடம்தானே? உங்கள் ஆட்கள் இன்று அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்துகிறார்களே?" கிழவர் புத்தகத்தை மூடினார். சில நாள் எனக்கு bonjour என்ற வணக்கமும் இல்லை. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வேலிக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கடைசியில் அவரே வாய் திறந்தார்: "நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக நான் வேறு பக்கம் பார்த்துக் கும்பிட மாட்டேன்." எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

ஆனாலும் அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்கும் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் நான் கட்டிலின் பிரேக்கை விடுவித்து அதைத் திருப்பினேன். ஒக்சிசன் குழாயைக் கட்டிலுக்கு அடியால் விட்டு, கால் தடக்காமல் துவாயால் மூடினேன். கிழவர் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். எனக்கு நன்றி சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மேற்பார்வையாளர் கண்டுவிட்டாள். கட்டில் பழைய இடத்துக்குப் போனது, நான் வேறு மாடிக்குப் போனேன். அதன் பிறகு இடைவேளைகளில் எட்டிப் பார்ப்பேன். ஓதும்போது கிழவர் கழுத்தை மட்டும் முறித்துத் தலையணைக்கு மேலாகப் பின்பக்கச் சுவரைப் பார்க்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பார். நரம்பு புடைத்திருக்கும்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நகரத்தின் மற்றத் தொங்கலில், பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இருந்த கோபம் இரட்டிப்பானது. பற்றிஸ் பலகாரம் சுட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புள்ள, சாமி எல்லா இடத்திலயும் இரிக்கு," என்று அண்ணன் தொடங்கினார். "இந்தக் காணிக்கு ரோட்டு இரிக்கு, தண்ணி இரிக்கு. அங்க என்னத்துக்கு வீம்பு?"

"அப்ப வீடும் எல்லா இடத்திலயும்தானே அண்ணன் இரிக்கு," என்றேன். "ஏன் பியர்பொன்ட்ஸத் தேடி வந்து வாங்கின நீங்க? நாங்க இனிக் கேக்க மாட்டம் எண்டு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. கேக்கிறதையும் விட்டா எங்களுக்கு அங்க மிச்சம் என்ன?"

அண்ணனுக்கும் கோபம் வந்தது. போனை எடுத்து ஊருக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் பேசினாள். அவள் ஊரை விட்டு எங்கும் போகாதவள்.

"நீ அங்க இருந்து பிடிவாதம் பிடிக்கிறது லேசு," என்றாள். "மழைக்கயும் வெயிலுக்கயும் வேலிக்கு வெளிய நிக்கிறது நாங்க. ஒரு ஆமிப் பொடியன் துவக்கோட நிண்டு நாங்க கும்பிடுறதப் பாத்துக்கொண்டிருப்பான். எனக்கு முழங்கால் ஏலாது. சாக முந்தி ஒரு கூரைக்குக் கீழ நிண்டு அம்மனக் கும்பிடவேணும். விடு புள்ள."

அவளிடம் என்ன நியாயம் பேசுவது? கழுத்தைத் திருப்பு என்று நான் யாருக்குச் சொல்வது? அவள் இத்தனை வருஷம் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். குளிருக்குக் கால்மேசு போட்டுக்கொண்டு இங்கே இருந்தது நான். அண்ணன் என் மகனையும் போனில் பிடித்தார். அது ஒரு காணிதானே அம்மா என்று அவன் பிரெஞ்சில் சொன்னான். வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஓம்" என்றேன். எங்கள் பேச்சில் சம்மதத்துக்கும் மந்திரத்துக்கும் ஒரே சொல்தான். அன்றைக்கு அது இரண்டாகவும் இருக்கவில்லை. வாயை மூடிக்கொள்வதற்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோருடைய முகமும் மலர்ந்தது. தேத்தண்ணீர் வந்தது. நான் குடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

கிழவர் பனிக்காலம் முடியும் முன் போய்விட்டார். கடைசி நாட்களில் கழுத்தும் திரும்பவில்லை. அவருடைய மகன் சாமான்களை எடுக்க வந்தபோது கையில் ஒரு சிறு பொட்டலம் வைத்திருந்தார். ஜெருசலேம் மண்ணாம், குழிக்குள் வைப்பதற்கு. அப்பாவைப் பார்க்க அவர் அடிக்கடி வந்ததை நான் கண்டதில்லை, ஆனால் மண்ணை மறக்கவில்லை. அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் எதற்கென்று எனக்கே தெரியவில்லை. என் மகனுக்கு எந்த மண்ணை எடுத்துவர வேண்டும் என்றே தெரியாதே என்ற ஆத்திரமாக இருக்கலாம்.

புதுக்கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு அண்ணன் ஊருக்குப் போனார். அவர் அனுப்பிய வீடியோவை வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். சனம் நிறைந்திருந்தது. என்னோடு படித்தவள் முன்வரிசையில் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில்தான். பூசை தொடங்கும்போது குருக்கள் சங்கற்பம் சொல்வார். இன்ன நாட்டில், இன்ன ஊரில், இன்ன நாளில் இதைச் செய்கிறோம் என்று சாமிக்கு அறிவிப்பது அது. எங்கள் கோயில் உண்டான நாள் தொட்டு அந்த இடத்தில் எங்கள் ஊரின் பெயர் வரும்.

குருக்கள் வெளியூர்க்காரர். பாதியில் நிறுத்தி, அண்ணன் பக்கம் திரும்பி, "ஊர்ப் பேர்?" என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து, அவருடைய காதுக்குப் பக்கத்தில், வீட்டுத்திட்டத்துக்கு வைத்திருக்கும் புதுப்பெயரைத் தெளிவாகச் சொன்னார். குருக்கள் அதை மந்திரத்துக்குள் வைத்துச் சொன்னார். மேளம் முழங்கியது.

இதை எழுதத் தொடங்கியபோது எங்கள் ஊரின் பெயரையாவது ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அண்ணன் போனில் மறித்துவிட்டார். இனிக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பெயரை எழுதினால் அங்கே இருக்கிற சனத்துக்குக் கரைச்சல் வருமாம். நான் எழுதவில்லை.