புள்ளியியல் சொல்லிக்கொடுத்த வீடு

எனக்கு நாற்பத்தொரு வயதானபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய பாடத்திட்டத்தில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கடைசித் தேர்வு, இதற்கப்புறம் கிடையாது என்று. கேரளத்தில் இதை மெர்சி சான்ஸ் என்பார்கள். கருணையாம், கருணை! தபால் வழியில் படித்த பி.காமில் மற்ற எல்லாப் பேப்பரும் தேறி, புள்ளியியலில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன். இந்த முறையும் போனால் அத்தனை வருடப் படிப்பும் வீண்.

இந்த வயதில் டிகிரி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. என் அப்பாவும் அம்மாவும் மட்டாஞ்சேரித் தெருக்களைப் பெருக்கி ஓய்ந்தவர்கள். நான் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொசு ஒழிப்பு வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய், தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்திரம் எத்தனை, அதில் கொசுப்புழு இருப்பது எத்தனை என்று சீட்டில் எழுத வேண்டும். புழு இருந்தால் அங்கேயே கவிழ்த்துக் கொட்ட வேண்டும். அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு வேலை காலியாக இருந்தது. டிகிரி உள்ளவர்களுக்குத்தான், நீ தேறினால் உனக்கே என்றார்கள். ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி. பச்சையாகச் சொல்கிறேன், எனக்கு வேறு லட்சியமெல்லாம் இல்லை. முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஊரார் வீட்டுப் பக்கெட்டை இனியும் குனிந்து பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

முதலில் எங்கள் ஊர் பிராட்வேயில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த ட்யூஷன் சென்டருக்குப் போனேன். வேலை முடிந்து நேரே போனதால் கொசு வேலைக்குப் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேஜையில் இருந்தவர், "மோளுக்கா?" என்று கேட்டார். மகளுக்கில்லை, எனக்குத்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட இருக்கிற பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்குமே என்றார். எனக்குச் சங்கடமாக இருக்குமா என்று அந்த மனுஷனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தது போனில் ஆன்லைன் வகுப்பு. அதில் ஒருவர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். நான் படித்தது மலையாள மீடியம். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, இப்போது எழுதுகிற இந்தத் தமிழ்கூடப் பிறகு நானாகக் கற்றுக்கொண்டதுதான். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் அதன் முதல் வார்த்தையில் நின்றுகொண்டிருப்பேன். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

பிறகு ஆலுவாவில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரை யாரோ சொன்னார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். மூன்றாவது ஞாயிறு நான் புத்தகத்தை விரிப்பதற்குள் அவர், "அடுத்த வாரம் வரும்போது அந்தக் கொசு மருந்து கொஞ்சம் எடுத்துட்டு வா. பின்னால சாக்கடை ஓடைல அடிக்கணும், ராத்திரி இருக்க முடியல" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "சாரே, நான் படிக்க வந்தவ. ஓடைக்கு வேற ஆளக் கூப்பிடுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். திரும்பி வரும் ரயிலில் அழுதேன். மறைப்பானேன்?

தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், ஜெராக்ஸ் கடைச் சுவரில் மலையாளத்தில் கையால் எழுதிய ஒரு காகிதத்தைப் பார்த்தேன். புள்ளியியல் ட்யூஷன், பெண்களுக்கு மட்டும். கீழே ஒரு போன் நம்பர். அழைத்தால், என் மலையாளத்தின் சாயலைக் கேட்டு ஒரு பெண்குரல் தமிழிலேயே பேசியது. "மிளகுக் குடோனுக்குப் பின்னாடி இருக்கிற சந்து சேச்சி. முன்வாசல் பூட்டியிருக்கும், அதைப் பார்த்துத் திரும்பிடாதீங்க. சுத்திப் பின்னால வாங்க, இரும்புப் படி இருக்கு."

அந்தச் சந்து நான் வேலை பார்க்கும் வட்டத்தில் இருந்தது. அந்த முன்வாசலும் எனக்கு நன்றாகத் தெரியும். துருப்பிடித்த பெரிய பூட்டு. இரண்டு வருடத்துக்கும் மேலாக மாதம் தவறாமல் அதைப் பார்த்து, ஆளில்லாத வீடு என்று தாண்டிப் போயிருக்கிறேன். உள்மாடிப்படி இடிந்துவிட்டதால் முன்வாசலைப் பூட்டிவிட்டு அந்தக் குடும்பம் பின்னாலேயே புழங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுற்றிப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

டீச்சருக்கு இருபத்து நான்கு வயது. எம்.எஸ்.சி. முடித்துவிட்டு அரசாங்கப் பரீட்சைகளை எழுதிக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தாள். அப்பா மதுரைப் பக்கத்து ஆள், வல்லார்பாடம் கண்டெய்னர் துறைமுகத்தில் இரவு வேலை. பகலெல்லாம் உள்ளறையில் தூங்குவார். அதனால் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் மெல்லத்தான் நடக்கும். நான் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சர்னெல்லாம் கூப்பிடாதீங்க சேச்சி, உள்ள அப்பா கேட்டா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாரு."

அவள் சொல்லிக்கொடுத்தது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் புத்தகத்தையே திறக்கவில்லை. "நம்ம பைப்புல போன வாரம் என்னைக்கு எவ்வளவு நேரம் தண்ணி வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள். திங்களன்று மூன்று மணி நேரம், வியாழனன்று அரை மணி, மற்ற நாள் ஒன்றுமில்லை. மட்டாஞ்சேரியில் இதை யாரும் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"இதுக்கு ஆவரேஜ் எடுத்தா தினமும் அரை மணி தண்ணி வந்த மாதிரி இருக்கும். ஆனா செவ்வாக்கிழம உங்க குடத்துல தண்ணி இருந்துச்சா? இல்லல்ல? அந்த வித்தியாசம் எவ்வளவுன்னு அளக்கிறதுதான் ஸ்டாண்டர்டு டீவியேஷன். இதுக்குப்போயி எல்லாரும் பயப்படுறாங்க."

அடக் கடவுளே, இவ்வளவுதானா என்று நினைத்தேன். பத்து வருடமாக என்னை மிரட்டிக்கொண்டிருந்த வார்த்தை குடத்துக்குள் அடங்கிவிட்டது. அன்று அவள் போட்டுக்கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டு மூன்று கணக்கு போட்டேன், மூன்றும் சரி. இரும்புப் படியில் இறங்கும்போது முட்டி வலிக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். அடுத்த வார வகுப்பில் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "அம்மாவா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"டெங்கு. ரெண்டு மழைக்கு முந்தி. நாலே நாள்தான் சேச்சி. வெறும் பனின்னுதான் நெனச்சோம்." அவளும் எங்களைப் போலக் காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த கணக்கைப் படிக்கச் சொன்னாள். என் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. இரும்புப் படியின் உச்சியில், நான் செருப்பைக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நீல டிரம் நின்றது. தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்பதற்கு. இந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. மூடி விரிசல் விட்டிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. பூட்டிய வீடு என்று எழுதினால் அது அன்றைய எண்ணிக்கையில் சேராது, இன்னொரு நாள் மறுபடி போக வேண்டும். அதனால் பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் என்ன எழுதினோமோ அதையே எழுதிவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட வந்தவள் சொல்லிக்கொடுத்தாள், நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. சத்தியமாக நானும் நினைத்ததில்லை. அந்த மழைக்காலத்தில் இந்த வீட்டுக்கு நேரே நான் எழுதியது பக்கத்து வீட்டுக் கணக்கு: பாத்திரம் இரண்டு, புழு இல்லை.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ட்யூஷன் நின்றுவிடும், தேர்வு போய்விடும், நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். அப்புறம் சொல்லலாம், தேர்வு முடியட்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என்ன ஜென்மம் நான்! வாரத்தில் மூன்று நாள் அந்த அம்மாள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அவர் மகள் கையால் சாயா வாங்கிக் குடித்தேன். ஒருநாள் அவள் உள்ளே போயிருந்த நேரம் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். நெளிந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் தண்ணீரை இறைத்து ஓடையில் கொட்டினேன். தண்ணீர் எங்கே என்று கேட்டபோது கால் பட்டுச் சாய்ந்துவிட்டது என்றேன். தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற வீடு, ஆனாலும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. கணக்குகள் ஓரளவு வசப்பட்டிருந்தன. அவள் உற்சாகமாக, "அடுத்த தடவ உங்க வேலைல எழுதின நம்பர் ஏதாச்சும் கொண்டுவாங்க சேச்சி. புத்தகக் கணக்கு மறந்துபோகும், சொந்தக் கணக்கு மறக்காது" என்றாள். நான் வீட்டில் வைத்திருந்த நகல் நோட்டில் தேடித் தேடி, அவள் சந்து இல்லாத வேறு ஒரு சந்தின் பக்கத்தை எடுத்தேன். அவள் வீட்டு நம்பர் அதில் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அதற்குமேல் எனக்குப் புத்தி போகவில்லை. எண்களையே பார்த்து ஒருத்தி கண்டுபிடிப்பாள் என்று நான் எப்படி நினைப்பேன்? இத்தனை வருடத்தில் அந்தச் சீட்டுகளை எண்களாக யாரும் பார்த்ததே இல்லை.

அவள் பென்சிலால் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். பாதியில் பென்சில் நின்றது.

"இதென்ன சேச்சி, அங்கங்க ஜோடி ஜோடியா ஒரே மாதிரி இருக்கு? ஏழாம் வீடும் எட்டாம் வீடும் ஒண்ணு. பதினாறும் பதினேழும் ஒண்ணு. பாத்திரமும் ஒண்ணு, புழுவும் ஒண்ணு. எண்ணி எழுதினா இப்படி வராதே."

அவள் பென்சில் முனை எட்டுக்கும் பதினேழுக்கும் போனது.

"இந்த எட்டும் பதினேழும் பூட்டின வீடா?"

தலையை ஆட்டினேன்.

உள்ளறையில் அவள் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேல்கோட்டு, கையில் இருந்த டார்ச், எல்லாவற்றையும் அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல. பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "இந்தச் சந்தும் சேச்சியோட வட்டம்தானா?" என்றாள்.

"ஆமா மோளே."

"எங்க முன்வாசலும் பூட்டித்தானே இருக்கும்."

"ஆமா."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே போ என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அப்பா எழுந்துவிடுவார் என்றோ என்னவோ, அவள் சத்தமே போடவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வீட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சேச்சி. அந்தக் கொசு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். நம்ம பாடமே அதுதானே."

அது மன்னிப்பா, செருப்படியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "ரெண்டு சாப்டர் பாக்கி இருக்கு. வியாழக்கிழம வாங்க."

போனேன். வெட்கமில்லாமல் போனேன். எனக்கு அந்தப் பேப்பர் தேற வேண்டும். பாக்கி இரண்டு சாப்டரையும் ஒரு வரி விடாமல் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் சாயா தரவில்லை. சேச்சி என்று கூப்பிடவில்லை. கடைசி நாள் நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தபோது, "கால்குலேட்டருக்கு பேட்டரி மாத்திட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தேறிவிட்டேன். முதல் கணக்கே வித்தியாசத்தை அளக்கிற கணக்கு, அவள் குரலிலேயே போட்டேன். ரிசல்ட் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன், போனில் பார்த்தேன். பார்த்ததும் கால் தானாக மிளகுக் குடோன் பக்கம் நடந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. சொல்லாமல் இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

சுற்றிப் பின்னால் போய் இரும்புப் படி ஏறினேன். பின்கதவிலும் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, "அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு வாரமாச்சே, எங்கன்னு சொல்லல" என்றார். போன் செய்தேன், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. படியின் உச்சியில் நீல டிரம் மட்டும் இருந்தது. கொண்டுபோகவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து, காற்றில் உருண்டுவிடாமல் மேலே ஒரு செங்கல் வைத்திருந்தாள்.

மேல் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அடுத்த மாதத்திலிருந்து ஃபேனுக்குக் கீழே உட்காரப் போகிறவள் நான். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். சொல்ல விரும்பிய ஒருத்தியிடம் சொல்ல வழியில்லை.

பிறகு சீட்டை எடுத்து அந்த வீட்டு நம்பரை எழுதினேன். பூட்டியிருக்கிறது. பாத்திரம் ஒன்று. தண்ணீர் இல்லை. புழு இல்லை. அந்த வீட்டைப் பற்றி நான் பார்த்து எழுதியது அது ஒன்றுதான்.