டாக்டர் மங்கையர்க்கரசியின் கல்லேறும் வண்டி

எறையூரில் அன்று கோமாரித் தடுப்பூசி முகாம். ஒரு கலப்பினப் பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கைபேசி அடித்தது. எங்கள் டாக்டரின் கணவர் நாகராஜன் சார் பேசினார். "வசந்தா, உங்க டாக்டர் போயிட்டாங்கம்மா. ஆபீசுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாங்க, நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பசுவைப் பிடித்துக்கொண்டிருந்த விவசாயி என் முகத்தைப் பார்த்து, "யாருங்க?" என்றார். சொன்னேன். "நம்ம டாக்டரம்மாவா?" என்றவர், கயிற்றை விடாமலே மாட்டின் மேல் சாய்ந்துவிட்டார்.

டாக்டர் மங்கையர்க்கரசியை வேப்பந்தட்டைப் பக்கத்தில் ஆடு மாடு வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். கால்நடை மருந்தகத்தில் அவர் மருத்துவர், நான் ஆய்வாளர். பல வருடங்கள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். வயிற்றுக்குள் கன்று திரும்பிக் கிடந்த மாடுகளை அவர் பிழைக்க வைத்த கதைகளை இந்த இரங்கல் கூட்டத்தில் நீங்கள் நிறையச் சொல்லிவிட்டீர்கள். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். நம் டாக்டர் வண்டி கட்டுவார். பிள்ளைகள் ஒன்றில் ஒன்றைச் செருகி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து, மோட்டார் போட்டு, ஓடுகிற வண்டி கட்டுவார்.

எனக்கு அது தெரியவந்தது ஒரு மதியச் சாப்பாட்டின்போது. அவருடைய டிபன் கேரியரில் அடுத்த அடுக்கில் குழம்பு இருக்கும் என்று திறந்தேன். உள்ளே பல்சக்கரங்கள். "ஐய, அத மூடு, கொட்டிடப் போவுது!" என்று பதறினார். விசாரித்தால், நாத்தனார் மகன் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கத் திருச்சிக்குப் போயிருக்கிறார். வாங்கிய கட்டைப் பெட்டியை வீட்டில் ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கிறார். பிரித்தது பிரித்ததுதான்.

"அப்ப அந்தப் பையனுக்கு?"

"சட்ட எடுத்துக் குடுத்துட்டேன். வளர்ற புள்ளைக்குச் சட்டதான் உபயோகம்."

முகத்தில் துளி வெட்கம் இல்லை. நான் முதலில் வேடிக்கைதான் பார்த்தேன். பிறகு ஒருநாள், "இந்த அச்ச ஆடாம புடி" என்றார். பிடித்தேன். அதோடு நானும் அந்தப் பித்தில் மாட்டிக்கொண்டேன்.

பெரம்பலூருக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் அந்த வருடம் ஒரு போட்டி அறிவித்தார்கள். பொம்மைக் கட்டைகளால் மட்டுமே கட்டிய வண்டி, பசை ஒட்டக்கூடாது, குவித்து வைத்த சுண்ணாம்புக் கற்கள் மேல் தானே ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இருவர் சேர்ந்து ஓர் அணி. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். "யார் வேணும்னாலும்னா நாமளுந்தானே?" என்றார் டாக்டர்.

முதல் வண்டியை மருந்தகத்தின் பின்பக்கம் கல் அடுக்கி ஏற்றிப் பார்த்தோம். ஒரு சக்கரம் கல்லில் ஏறும், எதிர்ச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி மல்லாந்துவிடும். சக்கரத்தைப் பெரிதாக்கினோம், இன்னும் வேகமாகக் கவிழ்ந்தது. பேட்டரிப் பெட்டியை அடியில் இறக்கினோம். கொஞ்சம் மெதுவாகக் கவிழ்ந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் குனிந்து, அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துவிட்டு, "சரி, இன்னொண்ணு" என்பார்.

விடை கிடைத்தது பச்சைமலை அடிவாரத்தில். ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு கிடா பாறையில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வசந்தா, அந்தக் கெடாயப் பாரு. நாலு காலும் நாலு எடத்துல இருக்கு. முதுகு அலுங்குதா?"

"இல்லிங்க டாக்டர்."

"நம்ம வண்டிக்குக் காலும் முதுகும் ஒண்ணா இறுகிக் கெடக்கு. அதான் கவுருது!"

ஆட்டுக்காரர் பயந்துபோய் ஓடிவந்தார். "ஏங்க, கெடாய்க்கு எதுவும் சீக்குங்களா?"

"அது நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கூட்டியை நோக்கி ஓடினார். உண்மையாகவே ஓடினார்.

அன்று மாலையே முன் அச்சை நடுவில் ஒரே பிளாஸ்டிக் முளையில் தொங்கவிட்டோம். இப்போது ஒரு சக்கரம் மேலே போனால் மற்றது கீழே போகும். உடம்பு சமமாகவே நிற்கும். வண்டி கற்கள் மேல் ஆடு மாதிரியே கால் வைத்து ஏறியது. நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில், சினைப் பரிசோதனைக்குக் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரே ஒரு குறை. ஆடுகிற அச்சுக்கு மோட்டாரின் இழுவையைக் கொண்டுபோக, வளைந்து கொடுக்கும் சின்ன மூட்டு ஒன்று வைத்திருந்தோம். பாரம் அதிகமானால் எப்போதாவது அது கழன்றுகொள்ளும்.

போட்டியன்று டாக்டர் பட்டுப்புடவையில் வந்தார். வாசலில் நின்ற மாணவன், "மேடம், பேரன்ட்ஸ் எல்லாம் கேலரில உக்காரணுங்க" என்றான்.

"நாங்க பேரன்ட்ஸ் இல்லப்பா. டீம்."

அவன் எங்களைப் பார்த்தான், என் கையிலிருந்த வண்டியைப் பார்த்தான். எங்கள் முறை வந்ததும் மைக்கில், "நெக்ஸ்ட் டீம்... ஆன்ட்டீஸ்!" என்றான். அரங்கமே சிரித்தது. டாக்டர் எல்லாருக்கும் கையசைத்தார்.

வண்டி ஏறத் தொடங்கியது. சிரிப்பு நின்றது. பாதி உயரத்தில், பெரிய கல் ஒன்றின் மேல், முன்சக்கரங்கள் சட்டென்று நின்றுவிட்டன. மூட்டு கழன்றுவிட்டது. வண்டியை நின்ற இடத்திலிருந்து தூக்காமல் சரிசெய்யலாம் என்பது விதி. ஆனால் மூட்டு வயிற்றுக்குள் இருந்தது. மேலே பிரித்தால் வண்டி சரிந்துவிடும். நான் சுவிட்சை அணைத்தேன். டாக்டர் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், வண்டிக்கு அடியில் கையை விட்டார், கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலியே டாக்டர்!"

"மாட்டுக்குள்ள என்னைக்குக் கண்ணால பாத்தோம்? நீ சக்கரத்த மெதுவாத் திருப்பு. இன்னும். இன்னுங்கொஞ்சம். நிறுத்து... வந்துட்டான்!"

பிரசவத்தில் கன்றின் கால் கைக்குச் சிக்கியதும் அவர் சொல்லும் அதே வார்த்தை. டொக்கென்று ஒரு சத்தம். சுவிட்சைப் போட்டேன். வண்டி அந்தக் கல்லைத் தாண்டியது, உச்சியில் ஒரு கணம் தயங்கியது, மறுபக்கம் தலைகுப்புற இறங்கி நான்கு சக்கரத்தில் நின்றது. உடற்கல்வி ஆசிரியரான நாகராஜன் சார் கேலரியிலிருந்து விசில் ஊத, மாணவர்கள் "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று கத்த, நான் அழுதுகொண்டிருந்தேன்.

முதல் பரிசு எங்களுக்கு இல்லை. அரியலூரிலிருந்து வந்த இரண்டு மாணவிகளின் வண்டி எங்களைவிட வேகமாக ஏறியது. எங்களை இரண்டாம் பரிசுக்கு மேடைக்கு அழைக்கிறார்கள், டாக்டரைக் காணோம். தேடினால், பட்டுப்புடவையோடு தரையில் படுத்து அந்தப் பெண்களின் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "வசந்தா, இங்க ஓடியா! சக்கரத்துக்கு மேல பெல்ட்டு போட்டிருக்காளுங்க! நமக்குத் தோணவே இல்லியே!" தோற்ற ஆளின் குரல் அல்ல அது. புதையல் எடுத்த ஆளின் குரல். அந்தப் பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் மருந்தகத்துக்கு வந்தால் எங்கள் வண்டி இல்லை. மேசை மேல் கட்டைகளாகக் கிடந்தது. எனக்கு ஆத்திரம். "ஒரு போட்டோகூட எடுக்கலியே டாக்டர்!"

"அது ஓடுறதத்தான் நாம பாத்தாச்சே. பெல்ட்டு வண்டிக்கு இந்தக் கட்டைங்க வேணும்ல?" என்றார். பிறகு, "செஞ்சு முடிச்சது அலமாரிக்கு வசந்தா. செய்யப்போறதுதான் நமக்கு" என்றார். இதைச் சொல்லும்போதே அடுத்த அச்சை என்னிடம் நீட்டினார்.

டாக்டரின் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சார் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பாதி கட்டிய வண்டி ஒன்று இருந்தது. "எனக்கு இதுல ஒண்ணும் புரியல. என்ன பண்றதுன்னு சொல்லும்மா" என்றார். நான் கட்ட, அவர் பிடித்துக்கொள்ள, இருவருமாக அதை முடித்தோம். சுவிட்சைப் போட்டேன். வண்டி பின்பக்கமாக ஓடிவந்து அவர் காலில் முட்டியது.

"ஒரு பல்சக்கரம் கூடிப்போச்சு சார். அதான் திசை மாறிடுச்சு. கழட்டிடுறேன்."

"இரும்மா, இரும்மா! பின்னால போனா என்ன, போவுதுல்ல! இன்னொரு தடவ போடு!"

டாக்டரின் இறப்புக்குப் பிறகு சார் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டாக்டர் எனக்கு விட்டுப்போனது ஒரு பரபரப்பு. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நகருமா நகராதா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் அந்தக் கணம். ஐம்பது வயதை நெருங்கும் ஒருத்திக்கு அது லேசில் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது, வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் அந்த வண்டியை மருந்தகத்தின் பின்னால் கல் குவித்து ஏற்றிப் பார்க்கப் போகிறோம். கவிழும் என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பக்கம் கவிழ்கிறது என்று பார்க்க நீங்களும் வாருங்கள்.