அப்படியே விடு

வாய் பேசுவதற்கு முன்பே கை பேசக் கற்றவள் அவள். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. வீட்டில் சண்டைகூடக் கையால்தான். கோபம் முற்றினால் அம்மா பட்டென்று விளக்கை அணைத்துவிடுவாள். அதற்குமேல் அப்பாவால் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்தக் கைப்பேச்சே பிழைப்பாகி, மாலைக் கல்லூரி ஒன்றில் சைகை மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள்.

சேர்ந்த வருஷம், வகுப்பில் அவள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய மாணவராக வாய்த்தவர் ஒரு லேத் பட்டறைக்காரர். காது கேளாதவர், அவளைவிட மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் எடுத்திருந்த பாடம் நுண்கணிதம். அவளோ கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

"எனக்கு எதுக்குப் புரியணும்? காதுல விழுறதைக் கையில காட்டினாப் போச்சு" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத் தைரியமாகப் போனாள்.

சங்கிலி விதி என்ற பாடம் வந்த அன்று பேராசிரியர் பலகையில் sin(3x²) என்று எழுதினார்.

"ஒரு சார்புக்குள்ள இன்னொரு சார்பு இருக்கு. முதல்ல வெளியில இருக்கிறதை வகையிடுங்க. உள்ள இருக்கிறதை அப்படியே விட்டுடுங்க. அப்புறம், உள்ள இருக்கிறதோட வகைக்கெழுவால பெருக்குங்க."

அவள் கைகள் மளமளவென்று ஓடின.

தேர்வுத்தாள் திரும்பி வந்தபோது அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. cos(3x²)·6x என்று வரவேண்டிய இடத்தில் cos x·6x என்று எழுதியிருந்தார். மற்றக் கணக்குகளிலும் இதே கதை. உள்ளே இருந்தது காணாமல் போய், வெறும் x நின்றது.

"இது அவருக்கு ஒத்துவராதோ என்னவோ. வேற பாடம் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றார் பேராசிரியர். எது காதில் விழுந்தாலும் சொல்லியாக வேண்டியது அவள் வேலை. மனசு வராமல் சொன்னாள்.

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். 'நீதானே விடச் சொன்னே?' என்று கையை உதறிக் காட்டினார். குப்பையைத் தூக்கிப்போடும் சைகை அது. அன்று அவள் காட்டியதும் அதேதான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், தப்பு அவர் மேல இல்ல. தொடாம வைங்கன்னு நீங்க சொன்னதை, தூக்கிப்போடுங்கன்னு நான் காட்டிட்டேன். எனக்கே புரியல சார். முதல்ல எனக்குச் சொல்லிக்கொடுங்க."

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "x கொஞ்சம் அசைஞ்சா 3x² அசையும். அது அசைஞ்சா sin அசையும். ரெண்டு வேகத்தையும் பெருக்கினாத்தான் மொத்த வேகம்."

அவள் அதைக் கையில் கொண்டுவந்ததும் அண்ணன் துள்ளி எழுந்தார். 'அட, பல்சக்கரம்! ஒண்ணு சுத்த இன்னொண்ணு சுத்துமே!' இடது கையை முஷ்டியாக்கி, வலது கையால் போர்த்தினார். வெளியே இருக்கும் மேல் கை மட்டும் மாறும், உள்ளே இருக்கும் முஷ்டி அசையாது. பிறகு முஷ்டியின் முறை வரும். சங்கிலி விதிக்கு அதையே சைகையாக வைத்துக்கொண்டார்கள்.

மறுதேர்வில் ஒரு கணக்கு தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றில் அண்ணன் கூட்டலில் கோட்டைவிட்டிருந்தார். அவள் வாடிப்போவதைப் பார்த்து, 'இது என் சொந்தத் தப்பு, உனக்குப் பங்கு கிடையாது' என்று கைகாட்டிச் சிரித்தார்.

அதன்பின் மறுநாள் பாடத்தை முதல்நாளே படித்துப் பார்க்காமல் அவள் வகுப்புக்குள் கால் வைப்பதில்லை.