சற்குணமக்காவின் முன்மடிப்பு

சற்குணமக்காவுக்குப் பொறாமை வந்தால் மூக்கு நுனி சிவக்கும். ஒஸ்லோவில் நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம், ஹவுகன்ஸ்டுவாவில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அந்த மூக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

மட்டக்களப்பிலிருந்து வந்தவர். எங்கள் பக்கத்தில் தமிழ்க் கலியாணம் என்றால் பெண்ணுக்குச் சேலை கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு டப்பா நிறைய ஊசியோடு போவார். அவர் வைத்த கொசுவம் பெண் ஆடினாலும் கலையாது. வேறு யாரும் கட்டிய சேலையைக் கண்டால், "ஆர் புள்ள கட்டினது, தபால்காரனோ?" என்று என் காதுக்குள் கேட்பார். இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. இல்லத்தில் யாராவது இறந்தால் உடலைத் துடைத்து உடை மாற்றுவது எங்கள் வேலை. அந்த வேலை செய்த கையோடு, தலை முழுகாமல், எந்தக் கலியாண வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டார்.

அவருடைய ஒரே மகள் நிலூஜாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆன்ட்ரியாஸ். தகப்பன் நோர்வேக்காரர், தாய் கெய்க்கோ ஜப்பான்காரி. கலியாணத்தன்று சேலை கட்டுவது சற்குணமக்காதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதற்கு முந்திய வாரம் கெய்க்கோ ஓர் ஆசையைச் சொன்னார். தன் இருபது வயதில் உடுத்த கிமோனோவை மருமகளுக்கு உடுத்திப் படம் எடுக்கவேண்டுமாம். தனக்கு மகள் இல்லை என்றார். நிலூஜா துள்ளிக் குதித்தாள். அக்காவின் மூக்கு சிவந்தது.

"என்ர பிள்ளையை முதல்முதல் அவவோ சோடிக்கிறது? நீயும் வா புள்ள. தனியப் போனா நான் வாய்விட்டு என்னவும் சொல்லிப்போடுவன்."

ரயிலேறி, இடையில் டி-பானே என்ற சுரங்க ரயிலுக்கு மாறி, கெய்க்கோவின் வீட்டுக்குப் போனோம். கிமோனோ மாம்பழ நிறத்தில் இருந்தது. அதன் கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கெய்க்கோ தரையில் முழங்காலிட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் தடவித் தடவி, மெல்லிய கயிறுகளால் கட்டினார். தாய் சேலை கட்டிவிடும்போது போனை நோண்டிக்கொண்டு நெளிகிற நிலூஜா, இங்கே அசையாமல் நின்றாள்.

"மம்மா, பாருங்கோ, ஒரு ஊசிகூட இல்லை!" என்றாள் நிலூஜா. "நீங்கள் கட்டினா எனக்கு மூச்சுவிடவே பயம்."

பகிடியாகத்தான் சொன்னாள். அக்காவும் சிரித்தார். ஆனால் கைப்பைக்குள் இருந்த ஊசி டப்பாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இடுப்பில் சுற்றும் அகலப் பட்டியை எடுக்கக் கெய்க்கோ உள்ளறைக்குப் போனார். அக்கா உடனே மகளைச் சுற்றி வந்தார். முகம் மலர்ந்துவிட்டது. பிழை பிடித்துவிட்டார்!

"இஞ்ச பார் புள்ள, இடது பக்கத்தை மேல விட்டிருக்கிறா. ஆம்பிளையளின்ர சட்டையெல்லோ அப்பிடி மூடுறது! என்ர ஜாக்கெட்டைப் பார், வலதுதான் மேல."

"மம்மா, தொடாதைங்கோ."

"சும்மா நில்லு. படத்தில ஊரே பாக்கப்போகுது."

நான் தடுத்திருக்கலாம், ஆனால் அந்த வேகத்துக்கு முன்னால் யார் நிற்பது? கயிற்றை அவிழ்த்தார், வலது மடிப்பை மேலே கொண்டுவந்தார், திரும்பவும் கட்டினார். அவருடைய கை, சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே கட்டியது. கெய்க்கோ பட்டியோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இப்படி மூடுவது..." என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கி, குரலைத் தணித்தார். "எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களுக்குத்தான் வலதை மேலே விடுவோம்."

நிலூஜா, "ஐயோ மம்மா!" என்று சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. மூக்கின் சிவப்பு இறங்கி முகமே வெளுத்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கைகள் இல்லத்தில் யார் யாருக்கெல்லாம் கடைசி உடை உடுத்தியிருக்கின்றன என்று கூட நின்று உடுத்திய எனக்குத்தான் தெரியும்.

"நீங்களே மாத்துங்கோ," என்று தமிழிலேயே சொல்லிப் பின்வாங்கினார். "நான் இனித் தொடமாட்டன். என்ர பிள்ளையைத் தொடமாட்டன்."

தமிழ் தெரியாவிட்டாலும் கெய்க்கோவுக்கு விளங்கியது. பட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, மகளின் முன் நிறுத்தினார்.

"நீங்கள் செய்ததை நீங்களே மாற்றுங்கள். நான் மாற்றினால் உங்களுக்கு இன்று சோறு இறங்காது."

அக்கா அவிழ்த்தார். வலதை உள்ளே விட்டு, இடதை மேலே கொண்டுவந்து, சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்தார். கெய்க்கோ கயிற்றைக் கட்டிப் பட்டியைச் சுற்றி முடித்தார். கண்ணாடியைப் பார்த்த நிலூஜா கண்கலங்கி, திரும்பிக் கெய்க்கோவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தாயை.

திரும்பும் ரயிலில் அக்கா, எங்கள் ஸ்டேஷன் நெருங்கும்போது, "பாத்தனீதானே, முதல் அவவைத்தான் கட்டிப்பிடிச்சவள்," என்றார்.

"பக்கத்தில நிண்டது அவதானே அக்கா," என்றேன்.

"நானும் பக்கத்திலதான் நிண்டனான்."

கலியாணம் முடிந்து மகள் போய்விட்டாள். அந்தப் படம் இப்போது அக்காவின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் யார் உடுத்தியது என்று கேட்டால், "சம்பந்தியம்மாதான், எல்லாம் அவதான்," என்பார். அவர்கள் ஆகா என்று கெய்க்கோவைப் புகழத் தொடங்கினால், மூக்கு சிவக்க எழுந்து படத்தடிக்குப் போவார்.

"இஞ்ச, முன்னுக்கு இடது பக்கம் மேல வந்திருக்கெல்லோ? அது நான்."