கையுறையைக் கழற்றிய கை

என் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. துணிக்கடைக்குப் போனால், வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் எல்லாத் துணியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, எதையும் வெறுங்கையால் தொடக் கூடாத வேலை.

இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குத் தொடை எலும்புக்குள் இறக்குகிற டைட்டானியத் தண்டு அவள் தொழிற்சாலையில் தயாராகிறது. காற்றோடு பொடியை வேகமாக அடித்து அதைச் சொரசொரப்பாக்குவது இவள் பொறுப்பு. அப்போதுதான் எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடிக்கும். கழுவிய பிறகு விரல் பட்டால் போச்சு. தோலில் இருக்கும் எண்ணெய் அந்தச் சொரசொரப்பில் தங்கிவிடும்; மறுபடி கழுவினாலும் முழுசாகப் போகாது.

இவள் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். பஸ் கண்டக்டர். இடுப்பு போனதிலிருந்து கட்டிலே கதி என்று கிடக்கிறான். எலும்பு ஒடுக்கம் என்பதால் அவன் அளவுக்கென்றே தனியாக ஒரு தண்டு செய்தார்கள். அது இவள் மேசைக்கே வந்தது. பொடி அடித்தாள், கழுவினாள், உலர்த்தினாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவிக் கொடுத்தாள்.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் பெட்டியில் வைத்திருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. இவள் நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். தண்டை ஒதுக்கிவிட்டார்கள். புதிதாகச் செய்ய வேண்டும். ஆபரேஷன் ஒரு மாதமாவது தள்ளிப்போகும். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவன் அவனல்லவா?

சாயங்காலம் தம்பியின் கட்டில் ஓரம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்தன வருஷம் ஒண்ணக்கூடத் தொட்டதில்லையேக்கா. இத மட்டும் ஏன் தொட்ட?"

"உனக்குள்ள போற பொருளாச்சேடா. பயமா இருந்துச்சு."

அவன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"நான் இங்கயேதான கெடக்கேன். என்னத் தடவிக் கொடுத்திருக்கலாம்ல?"

உண்மைதான். மாத்திரை கொடுப்பாள், தலை வாரிவிடுவாள், முதுகு துடைத்துவிடுவாள். வலிக்குமோ என்ற பயத்தில் அந்த இடுப்புப் பக்கம் மட்டும் இவள் கை போனதே இல்லை.

அவனே அவள் கையை இழுத்து அங்கே வைத்துக்கொண்டான்.

"மெதுவாக்கா," என்றான்.

திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு வெளியே வந்தேன்.