யார் கமக்காரர்?

இன்று புளியங்கூடலில் வறட்சி மானியம் கொடுத்தார்கள். நாங்கள் குத்தகைக்கு எடுத்து விதைத்த நெல் முழுவதும் கருகிவிட்டது.

உத்தியோகத்தர் எங்கள் வயலைச் சொல்லி, "இதுக்கு ஆர் கமக்காரர்?" என்று கேட்டார்.

கமக்காரர் என்றால் கமம் செய்கிறவர், விவசாயி; ஆனால் எங்கள் ஊரில் காணிக்காரரைத்தான் மரியாதையாகக் 'கமக்காரர்' என்பார்கள். அப்பாவும் அதே பழக்கத்தில், கொழும்பில் கடை வைத்திருக்கும், இன்று மட்டும் வந்து நின்ற காணிக்காரரைக் காட்டி, "இவர்தான் எங்கட கமக்காரர்" என்றுவிட்டார்.

"உழுதது நாங்களெல்லோ?" என்றேன்.

"கமக்காரருக்குத்தான் காசு, தம்பி" என்றார் உத்தியோகத்தர்.

காணிக்காரர் காசை வாங்கி மடியில் செருகினார். எனக்குக் காசைவிட அந்தப் பெயர்மேல்தான் கூடப் பொறாமை.

போகும்போது அவர் அப்பாவிடம், "வாற முறையும் வயலை நீரே செய்யும்" என்றார்.

"ஓம், கமக்காரர்" என்றார் அப்பா.

உங்கள் ஊரில் உழுகிறவனை எப்படிக் கூப்பிடுவீர்கள்? சொல்லுங்கள். அடுத்த வறட்சிக்கு முன் அப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்துவிடுகிறேன்.