ஈஸ்வரி காதில் விழுந்த 'ஃபீ'

திருக்காட்டுப்பள்ளி ஈஸ்வரிக்குப் பாம்புக் காது. எதிர்வீட்டு அடுப்பில் பால் பொங்கினால் இவள் எழுந்து ஓடுவாள். ஆனால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்வாள், அதுதான் வினை.

சின்ன வயதில் ஊரார் வயலில் நடவு நட்டவள். புருஷன் போன பிறகு ஒரு கிடேரிக் கன்று வாங்கி வளர்த்தாள். அந்தச் செவலை கறந்த பாலில்தான் மகள் இசைவாணி நர்சிங் முடித்தாள். இப்போது ஜெர்மனி வேலைக்காக ஃபோன் வழியே ஜெர்மன் வகுப்பில் படிக்கிறாள்.

அன்றைக்குக் காலையில் மகள் வாசலில் நடந்தபடி, "ஃபீ... ஃபீ..." என்று முணுமுணுத்தாள். ஈஸ்வரி உடனே மீதியை இட்டுக்கட்டிக்கொண்டாள். பீஸ் பாக்கி போலிருக்கிறது, கேட்க வாய் வராமல் பிள்ளை புலம்புகிறது! மகளிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டால் அவள் ஈஸ்வரி இல்லையே. மகள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துத் தரகர் இராஜாங்கத்தை வரவழைத்து, செவலைக்கு அச்சாரமும் வாங்கிவிட்டாள்.

மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. பழைய கயிற்றை அவிழ்க்க விரல் வராமல் அவள் நின்றபோது இசைவாணி வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஃபீன்னா ஜெர்மன்ல மாடும்மா. பீஸ் போன மாசமே கட்டியாச்சு."

அச்சாரம் திரும்பிப் போனது. இராஜாங்கம் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் பால் கறக்கும்போது, வகுப்பில் கேட்டதை மகள் சொன்னாள். ஜெர்மன், இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் தாயான பழைய மொழியில் 'ஃபெஹு' என்று ஒரு சொல் இருந்ததாம். மாடு என்றும் அர்த்தம், சொத்து என்றும் அர்த்தம். மாட்டை வைத்துக்கொண்ட பிள்ளை ஜெர்மன் 'ஃபீ'. சொத்தை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றி வந்த வாரிசு நம்ம 'பீஸ்'. வடமொழி வழியாக வந்த பசுகூட ஒன்றுவிட்ட சொந்தம்தானாம். தன் காது முழுத் தப்புச் செய்யவில்லை என்று ஈஸ்வரிக்கு ஒரே பெருமை.

"அந்த ஆத்தாச் சொல்லு இப்ப எங்கடி இருக்கு?"

"எங்கயும் இல்லம்மா. யாரும் எழுதி வைக்கல. பிள்ளைங்க முகத்த வச்சே ஆத்தா இப்படித்தான் இருந்திருப்பான்னு கண்டுபிடிச்சு, முன்னால ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுறாங்க."

ஈஸ்வரியின் கை காம்பிலேயே நின்றது. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். தன் மூக்கு, தன் தெத்துப்பல்.

"அப்ப நீ போற ஊர்ல என்னயும் கண்டுபிடிச்சிருவாங்கன்னு சொல்லு," என்றாள்.